இன்னொரு வீராசாமி

1966 ஜூலை பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் போர்ட் பிளேர் நூலகத்தின் வாசிப்பறையில் இருந்தவர்கள்: நீள மேஜையின் தலைப்பக்கம், நில விசாரணை அதிகாரி பாலசுப்பிரமணியம். அவருக்கு வலப்புறம், டைப்ரைட்டருக்கு முன்னால், அவருடைய குமாஸ்தா கிருஷ்ணமூர்த்தி. இடப்புறம் நாற்காலியின் விளிம்பில் மரகதம் அம்மாள். அவரை ஒட்டி அவருடைய இளைய மகள் நீலாவதி, பள்ளிக்கூட டீச்சர். கதவோரப் பெஞ்சில், நனைந்த குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் பிரகாசம். பீரோவுக்கு முதுகைக் காட்டி முக்காலியில் நான், நூலக குமாஸ்தா கோவிந்தராஜ்.

விசாரணை நூலகத்தில் நடந்ததற்குக் காரணம் உண்டு. கைதிகள் காலத்துப் பதிவேடுகள் யுத்தத்துக்குப் பிறகு எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தவை. தாள்கள் உதிர்கின்றன என்பதால் அவற்றைக் கட்டடத்தைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. மழைச்சாரல் பட்டால் இன்னும் கெடும் என்று சன்னல்களையும் நானே அடைத்திருந்தேன். அறைக்குள் புழுங்கியது.

"டெய்ரி ஃபார்ம் ஏரியா, பதினெட்டாம் நம்பர் மனை. யாரு பேர்ல இருந்தது?" என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுக்காரர் பேர்ல சார். இராமகிருஷ்ணன். அவர் போய் மூணு வருஷம் ஆச்சு" என்றார் மரகதம் அம்மாள்.

"அவருக்கு முன்னாடி?"

"என் மாமனார். வீராசாமி."

"அவர் தீவுக்கு எப்படி வந்தார்?"

மரகதம் அம்மாள் அதிகாரியைப் பார்க்கவில்லை. டைப்ரைட்டரில் தாள் செருகிக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார். அவன் வெறும் குமாஸ்தா அல்ல. விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவருடைய மூத்த மகள் ஜெயமணிக்குக் கொழுந்தன் முறை, மாப்பிள்ளையின் சித்தப்பா மகன். சம்பந்தமே அவன் வழியாக வந்ததுதான்.

"ஓவர்சியரா வந்தாங்க" என்றார்.

கதவோரத்திலிருந்து பிரகாசம் சிரித்துவிட்டார். "சார், நான் தூத்துக்குடியிலேர்ந்து இங்க வந்தது அம்பத்திரெண்டுல. வந்த நாளாக் கேக்கேன். இந்த ஊர்ல எல்லாருக்கும் தாத்தா ஓவர்சியரு, இல்லாட்டி தியாகி. அப்பம் கொலை பண்ணுனவன் எல்லாம் எங்க வே போனான்? நீந்தியே ஊருக்குப் போயிட்டானா?"

அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். இவங்க அந்த வீட்ல எத்தனை நாளா இருக்காங்க?" என்றார்.

"நான் வரும்போதே இருந்தாக. அவுக மாமரம் எங்க கூரை மேல சாஞ்சு கெடக்கு. அந்த மரத்தைக் கேட்டாலே சொல்லும்."

"மரத்துக்குச் சம்மன் அனுப்ப முடியாது" என்று அதிகாரி ஒரு தாளைக் கையில் எடுத்தார். விதியை மரகதம் அம்மாளுக்குப் புரியும்படி சொன்னார். தண்டனை முடிந்து இங்கேயே தங்கிய கைதிகளின் வாரிசு என்றால் மனை அவர்களுக்கே சொந்தமாக எழுதப்படும். அரசாங்க வேலைக்கு வந்தவரின் வாரிசு என்றால் அது குவார்ட்டர்ஸ் நிலம், திருப்பிக் கொடுக்க வேண்டும். "நீங்க சொல்றபடியே காகிதமும் சொல்லுது. இந்த நூலகத்துக் கோப்பிலேயே கிடைச்சது. கோவிந்தராஜ், இது உங்க கையெழுத்தா?"

தாளை வாங்கிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். கார்பன் நகல். தேதி 1959 மார்ச் நான்கு.

அந்த மார்ச்சில் இராமகிருஷ்ணன் இதே அறைக்கு வந்து நின்றார். தீவுக்காரர்கள் அவரை ராம்கிஷன் என்றுதான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா விருத்தாசலத்திலிருந்து எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினார். 'தங்கள் குடும்பம் அந்தமானில் எவ்வண்ணம் குடியேறியது என்பதற்கு அரசாங்கக் காகிதம் ஏதேனும் இருப்பின் அனுப்பி வைக்கவும்' என்று அதில் கண்டிருந்தது. படித்துச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. "பாபுஜி, என் பேட்டி, என் பொண்ணு, வாழணும். வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

பதிவேடுகளில் வீராசாமிகள் இருவர் இருந்தார்கள். பதினாறாம் பதிவேட்டில் இருப்பவர் அவருடைய அப்பா. நான்காம் பதிவேடு சம்பளக்காரர்களுக்கு உரியது. அதில் இன்னொரு வீராசாமி, ஓவர்சியர், 1891இல் வந்தவர். நான் நான்காம் பதிவேட்டின் வரியை அப்படியே நகலெடுத்தேன். எழுதியதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை, ஆள்தான் வேறு. கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன். அந்த ஓவர்சியர் 1898இல் வேலையை விட்டு ஊர் திரும்பியதாக அதே வரியின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் எடுக்கவில்லை.

இவ்வளவு செய்தவன் ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்திருக்கலாம். எந்தத் தாள் எழுதினாலும் கார்பன் வைத்து, நகலைத் தேதிவாரியாகக் கோப்பில் சேர்ப்பது என் வழக்கம். மணப்பாறை போர்டு ஹைஸ்கூலில் வாத்தியார் பழக்கிவிட்டது. பொய்க்கும் கார்பன் வைத்தேன்.

"என் கையெழுத்துத்தான் சார்."

"'சரிபார்த்தேன்'னு இருக்கே. சரிபார்த்தீங்களா?"

டைப்ரைட்டர் நின்றது. கிருஷ்ணமூர்த்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இல்லை என்று நான் சொன்னால் அவன் அதை டைப் அடிப்பான். அவன் டைப் அடித்தது அடுத்த கப்பலில் விருத்தாசலத்துக்குப் போகும். ஆமாம் என்றால் மரகதம் அம்மாளுக்கு வீடு இல்லை. பதினாறாம் பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. சாவி என் சட்டைப்பையில்.

"மறுபடியும் ஒரு தடவை பார்த்துச் சொல்றேன் சார்."

"எதுக்கு மறுபடி?"

"பழைய தாள் சார். சில பக்கம் ஒட்டியிருக்கு. பிரிக்கணும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தொண்ணாம் தேதி வியாழக்கிழமை மறுபடி உட்காருவோம். அதுக்குள்ள வேற காகிதம் வந்தா பார்க்கலாம். இல்லேன்னா இந்தக் காகிதந்தான். மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணணும்மா. எனக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல."

எல்லோரும் எழுந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி போகிற போக்கில் மரகதம் அம்மாளிடம் குனிந்து, "கவலைப்படாதீங்க அத்தை. வீடு போனா என்ன, மானம் மரியாதை இருக்கே. எங்க பெரியப்பா இன்னிக்கும் சொல்லிட்டிருக்கார், சுத்தமான இடத்துல பொண்ணு எடுத்தோம்னு" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, வாசகர்கள் போன பிறகு, தாயும் மகளும் வந்தார்கள். மரகதம் அம்மாள் இந்த முறை உட்காரவில்லை. இராமகிருஷ்ணன் நின்ற அதே இடத்தில் நின்றார்.

"தம்பி, அந்த பீரோவத் திறக்காதீங்க. வீடு போனா போகட்டும்."

"போனா எங்க போறது?" என்றாள் நீலாவதி. "சொல்லு. நான் கார் நிக்கோபார்ல போஸ்டிங் கேட்டா கொடுப்பாங்க. அந்தத் தீவுக்குப் போக எனக்குப் பாஸ் தருவாங்க. உனக்கு யாரு தருவா? நீ பஜார்ல குடையப் பிடிச்சிட்டு நிப்பியா?"

"பிரகாசம் வீட்டுத் திண்ணையில ஒரு மூலை கேப்பேன்."

"அங்க ஏற்கெனவே ஒன்பது பேரு. மாமரத்துல ஏறித்தான் தூங்கணும்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு! உங்கக்கா புள்ளைங்க ரெண்டோட அங்க இருக்கா. கைதி வம்சம்னு தெரிஞ்சா அந்தப் பெரியப்பா அவளை அடுப்படிக்கு வெளிய உட்கார வெப்பான். அவ கப்பல் ஏறி வந்தா உன் வீடு இருக்கும், அவ வாழ்க்கை எங்க இருக்கும்?"

நீலாவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாபுஜி, எனக்கு அந்தப் பக்கத்தைக் காட்டுங்க. நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. எதை மறைக்கிறோம்னாவது தெரிஞ்சு மறைக்கிறேன்."

நான் மரகதம் அம்மாளைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

பதினாறாம் பதிவேட்டைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். மேஜையில் வைத்து, ரிப்பன் இட்டிருந்த பக்கத்தைத் திறந்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நானே இட்ட ரிப்பன். நீலாவதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை அம்மாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"வீராசாமி. அப்பா பேரு சின்னத்தம்பி. திருச்சிராப்பள்ளி ஜில்லா. வயசு இருபத்தாறு. தொழில், உழவு. குத்தம், கொலை." அவள் நிறுத்தினாள். "கட்டத்துல அடைப்புக்குறிக்குள்ள சின்னதா எழுதியிருக்கு. மண்வெட்டியால. வாய்க்கால் தண்ணித் தகராறு. ஆயுள் தண்டனை. ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்து மூணுல கப்பல்."

"அது தெரியும்" என்றார் மரகதம் அம்மாள். "மாமா கள்ளு குடிச்சா அந்த மண்வெட்டியத்தான் தேடுவாரு."

"பத்து வருஷத்துல நன்னடத்தைச் சீட்டு. சொந்தமா உழுது சாப்பிடலாம். 1905ல கல்யாணத்துக்கு அனுமதி, பெண் கைதி அலமேலு." நீலாவதி தலையைத் தூக்கினாள். "பாட்டியும் கைதியா?"

பெண்களுக்கு வேறு பதிவேடு. அதையும் எடுத்து வைத்தேன். சாதி என்ற கட்டத்தில் இருவருக்கும் வேறு வேறு பெயர் எழுதியிருந்தது. நீலாவதி அதைப் படிக்காமல் கடந்துவிட்டாள் என்பதைக் கவனித்தேன். அம்மாவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

"அலமேலு. தென்னாற்காடு ஜில்லா. விதவை. வயசு பத்தொன்பது. குத்தம்..." என்று நிறுத்தினாள். "அம்மா, உனக்கு இது தெரியுமா?"

"கேட்டதில்ல. அவங்களும் சொன்னதில்ல. எட்டு வருஷம் ஒரே அடுப்புல சமைச்சோம். ஜப்பான்காரன் காலத்துல காய்ச்சல்ல போனாங்க. என்னன்னு போட்டிருக்கு?"

நீலாவதி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "பிறந்த குழந்தை இறந்துபோச்சு. தன் குழந்தையைத் தானே கொன்னதா எழுதியிருக்கு. அதுக்குத் தண்டனை."

மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. மரகதம் அம்மாள் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"தொடவே மாட்டாங்க" என்றார். "ஜெயமணி பொறந்தப்ப வெந்நீர் வெச்சாங்க, மருந்து அரைச்சாங்க, துணி துவைச்சாங்க. புள்ளைய மட்டும் கையில வாங்கமாட்டாங்க. நாப்பது நாளு. உனக்கும் அப்படித்தான். பொட்டைப் புள்ளைன்னு தொடமாட்டேங்கிறாங்கன்னு நான் உங்கப்பாகிட்ட சண்டை போட்டேன். அவங்க செத்த பொறவும் திட்டியிருக்கேன். ஜெயமணிகிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன், உன்னைய உங்க பாட்டி ஏறெடுத்துப் பாக்கலன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நீங்க ஏன் தம்பி இத என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்கலையே அம்மா."

"ஆமா. கேக்கல."

அன்றைக்கு வேறு முடிவு எதுவும் ஆகவில்லை. ஆனால் சனிக்கிழமை நீலாவதி தனியாக வந்து, வெள்ளைத் தாள் நான்கு கேட்டாள். தீதிக்கு, அதாவது அக்காவுக்கு, விஷயத்தை முதலில் தாங்களே சொல்லிவிட வேண்டும் என்றாள். கப்பல் பத்தொன்பதாம் தேதி புறப்படுகிறது. விசாரணை இருபத்தொன்று. அதற்குப் பிறகு கிருஷ்ணமூர்த்தி எழுதினால் அடுத்த கப்பலுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஜெயமணிக்கு அந்த இரண்டு வாரம் மிச்சம்.

"அம்மா?"

"அம்மாதான் அனுப்பிச்சா."

நான் பேனாவைத் திறந்தேன். ஏழு வருஷமாக அந்தக் குடும்பத்தின் கடிதங்கள் என் கையெழுத்தில்தான் போகின்றன. மரகதம் அம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. பெண்கள் இரண்டு பேரும் தீவுப் பள்ளியில் ஹிந்தியில் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், எழுத வராது. விருத்தாசலத்திலிருந்து வரும் பதில்கள் மாப்பிள்ளையின் கையெழுத்தில் இருக்கும். 'ஜெயமணி சௌக்கியம், தங்கள் சுகத்துக்கு எழுதவும்' என்று அவரே எழுதுவார். கடிதம் போனதும் கூடத்தில் உரக்கப் படிப்பாராம். ஏழு வருஷத்தில் தாயும் மகளும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நானும் மாப்பிள்ளையும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"நீங்க வேணாம் பாபுஜி" என்றாள் நீலாவதி. "நான் ஹிந்தியில எழுதறேன். அந்த வீட்ல தீதியத் தவிர யாருக்கும் படிக்க வராது."

திறந்த பேனாவை மூடினேன். "போன வருஷம் அங்க ஹிந்தி போர்டையெல்லாம் தார் பூசி அழிச்சாங்கம்மா. அந்த ஊருக்கு ஹிந்தியில கடுதாசியா? மாப்பிள்ளை என்னன்னு கேட்பாரே. யார்கிட்டயாவது கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னா?"

"கேக்கட்டும். தீதி படிச்சுச் சொல்வா. எவ்வளவு சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு அவ பார்த்துக்குவா. அவ குடித்தனம். இத்தனை நாளா அவளுக்குப் பதிலா நாமல்லாம் பொய் சொன்னோம். அவகிட்ட யாரும் கேக்கல."

"ஒண்ணு செய்யலாம். மேலே தமிழ்ல ஒரு தாள் நான் வழக்கம்போல எழுதறேன். 'இங்கு அனைவரும் நலம்'னு. கூடத்துல படிக்க அது போதும். உள்ளே உன் தாள் இருக்கட்டும்."

அவள் சிரித்தாள். விசாரணை தொடங்கியதிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "வேணாம் பாபுஜி. இன்னொரு வீராசாமி வேணாம்."

அவள் எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தாளைக் கிழித்தாள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கடிதம் எழுதினேன், நில விசாரணை அதிகாரிக்கு. ஐயா, 4.3.1959 தேதியிட்ட என் நகல் வேறு நபருக்கு உரியது, தெரிந்தே கொடுத்தேன், மனை எண் பதினெட்டுக்கு உரிய வீராசாமியின் விவரம் பதினாறாம் பதிவேட்டில் உள்ளது, உண்மை நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. 'தெரிந்தே' என்ற சொல்லை முதலில் 'கவனக்குறைவால்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, தாளை மாற்றி மறுபடி எழுதினேன். வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. பதினோரு வருஷ சர்வீஸ். மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிய ஆறு மனுக்களுக்குப் பதில் வந்ததில்லை. இதற்குப் பதில் வரும். இதற்கும் கார்பன் வைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை. கப்பல் தபால் பகல் இரண்டு மணிக்கு முடிவு. பன்னிரண்டரைக்கே மரகதம் அம்மாள் மகளோடு அபர்டீன் பஜார் தபாலாபீசுக்கு வந்துவிட்டார். ரிஜிஸ்தர் செய்யலாம் என்று நான் சொன்னதற்கு, அப்படியென்றால் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிடுவார், சாதாரணத் தபாலே போதும் என்றாள் நீலாவதி. முகவரி மட்டும் நான் எழுதினேன். அந்த வீட்டுக்குப் பழகிய கையெழுத்து. தபால்காரரும் தயங்காமல் கொடுப்பார்.

உறைக்குள் ஹிந்தித் தாள்கள் இரண்டு, பதிவேட்டு வரிகளின் நகல் ஒன்று, அதுவும் ஹிந்தியில். அலமேலுவின் வரியையும் எடுத்திருந்தேன், இந்த முறை கடைசிக் கட்டம் வரைக்கும். 1944, காய்ச்சலில் மரணம் என்பதைப் பென்சிலில் நான் சேர்த்தேன். யுத்தத்தில் அந்தக் கட்டம் காலியாகவே நின்றுவிட்டது.

"எழுதினியா?" என்று மரகதம் அம்மாள் கேட்டார். "நாப்பது நாளு தொடாதது எதுக்குன்னு?"

"அதைத்தான் முதல்ல எழுதினேன்."

"அவ என்னைத் திட்டுவா."

"திட்டட்டும். பதில் அவ கையெழுத்துல வந்தா போதும்."

கவுன்டரில் கோந்து டப்பா காய்ந்து கிடந்தது. மரகதம் அம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து இலையில் பொதிந்த சோற்றுப் பருக்கைகளை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். உறையின் மடிப்பில் பருக்கைகளை வைத்து விரலால் நசுக்கித் தடவி, ஒட்டி, உள்ளங்கையால் வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். கவுன்டர்க்காரர், "ஆச்சா மாதாஜி? கப்பல் நிக்காது" என்றார்.

"தம்பி," என்று என் பக்கம் திரும்பினார், "கொடுத்தா திருப்பி வாங்க முடியுமா?"

"மூட்டை கட்டற வரைக்கும் கேட்டா கொடுப்பாங்க. எழுதிக் கொடுக்கணும்."

அவர் தலையாட்டிவிட்டு உறையைச் சன்னலுக்குள் நீட்டினார். நான் அதிகாரிக்கு எழுதியதை உள்ளூர்ப் பெட்டியில் போட்டேன். கவுன்டர்க்காரர் உறையில் முத்திரை குத்திப் பின்னால் எறிந்தார். அது விருத்தாசலம் கட்டில் விழுந்தது. மூவரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். ஒன்றே முக்காலுக்கு அறைக்குள் சாக்கை விரித்தார்கள். கட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மரகதம் அம்மாள் ஒரு முறை எழுந்து நின்றார். நீலாவதி அவர் கையைப் பிடிக்கவில்லை. அவர் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கின் வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, அது ஆறும் முன்பே முத்திரையை வைத்து அழுத்தி, இரண்டு ஆட்களாகத் தூக்கி மழையில் நின்ற ஜீப்பில் போட்டார்கள்.